மாற்றல் உத்தரவு போதாது: சாம்பியன் ரீப்ஸ் மக்களின் கோரிக்கைச் சாசனம்

கர்நாடகச் சட்டப்பேரவை, மேலவை உறுப்பினர்களுக்கும் மாநில அரசுக்கும், கோலார் தங்கவயல் சாம்பியன் ரீப்ஸ் லைன் வீடுகளில் குடியிருக்கும் நாங்கள் வைக்கும் கோரிக்கைகள் இவை.

2024 மே 26 அன்று மகரிஷி வால்மீகி பழங்குடியினர் வளர்ச்சிக் கழகத்தின் கணக்குக் கண்காணிப்பாளர் சிவமொக்காவில் உயிரை மாய்த்துக்கொண்டார். கழகப் பணம் கைமாறியதை அவர் எழுதிவைத்துவிட்டுப் போன பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. 187 கோடி ரூபாய் அனுமதியின்றி வேறொரு வங்கிக் கணக்குக்குப் போனதாகப் புகார். அதில் 89.63 கோடி வெளியே போய்விட்டதாக முதலமைச்சர் சித்தராமையாவே பேரவையில் சொன்னார். நிர்வாக இயக்குநர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். ஜூன் 6இல் துறை அமைச்சர் பி.நாகேந்திரா பதவி விலகினார். ஜூலையில் அமலாக்கத் துறை அவரைக் கைது செய்தது. குற்றம் யாருடையது என்பதை நீதிமன்றம் முடிவுசெய்யட்டும். ஏழைகளின் பணத்துக்குக் காவலாக நாங்கள் அனுப்பிய அவை, ஒரு உயிர் போகும்வரை எங்கே இருந்தது என்று கேட்கும் உரிமை எங்களுக்கு உண்டு.

அவைக்கு ஒரு நலத்துறை அதிகாரி மீது நம்பிக்கை போய்விட்டால், அவரைத் தீர்மானம் போட்டு இறக்க முடியாது. நம்பிக்கையில்லாத் தீர்மானம் அமைச்சரவை மீதுதான் வரும். அதிகாரிக்கு அரசியல் சட்டத்தின் 311ஆம் பிரிவு பாதுகாப்பு தருகிறது. விசாரணையின்றி நீக்கக் கூடாது என்பது நியாயமே, அதை நாங்கள் எதிர்க்கவில்லை. ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது? கூச்சல் எழுந்தால் மாற்றல் உத்தரவு வருகிறது. அவர் வேறு மாவட்டத்துக்குப் போகிறார், கோப்பு இங்கேயே செத்துப்போகிறது.

அதை அனுபவிப்பது நாங்கள். 2001இல் இங்கிருந்த தங்கச் சுரங்கம் மூடப்பட்டதிலிருந்து இங்குள்ளவர்கள் விடியுமுன் ரயிலேறி பெங்களூருக்குக் கூலிக்குப் போகிறார்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு, ஆதார் ஜெராக்ஸ் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனால், "பழைய சார் மாறிட்டாரும்மா, புதுசா எழுதிக் குடுங்க" என்கிறார்கள். அந்தக் கவருக்குள் போன முறை கொடுத்த மனுவின் ரசீதும் இருக்கிறது. அதை வாங்கிப் பார்ப்பவர் இல்லை.

ஆகவே முதலில் கேட்பது இது: அவையில் புகார் எழுந்த நல அதிகாரியைச் சும்மா மாற்றாதீர்கள். பணம் கையாளும் பொறுப்பிலிருந்து உடனே விலக்கி, கெடு வைத்து விசாரித்து, முடிவை அவையில் வையுங்கள். மாறிப்போகிறவர், நிலுவையிலுள்ள ஒவ்வொரு மனுவையும் பட்டியலிட்டுக் கையெழுத்துப் போட்டு ஒப்படைத்த பிறகே விடுவிக்கப்பட வேண்டும்.

தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் வளர்ச்சிக் கழகங்களின் நிர்வாக இயக்குநர்களை அவையின் நலக் குழு ஆண்டுதோறும் நேரில் அழைத்து, வங்கிக் கணக்கு விவரத்தோடு விசாரிக்க வேண்டும். தணிக்கை அறிக்கைகள் தாமதமின்றி அவைக்கு வர வேண்டும். தப்பைச் சொல்லும் கணக்கருக்கும் எழுத்தருக்கும் பாதுகாப்பு வேண்டும். சிவமொக்காவில் போன உயிருக்கு அதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

2013ஆம் ஆண்டின் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் துணைத் திட்டச் சட்டத்தின்படி எங்களுக்கென ஒதுக்கிய நிதியில் 2023-24இல் 11,144 கோடியும், அடுத்த ஆண்டு 14,282 கோடியும் மாநில அரசின் உத்தரவாதத் திட்டங்களுக்குத் திருப்பப்பட்டன. அந்தப் பணமும் எங்கள் சாதி மக்களுக்கே போகிறது என்கிறது அரசு. அப்படியானால் கோலார் மாவட்டத்தில் எத்தனை குடும்பங்களுக்கு எவ்வளவு போனது என்ற கணக்கை வார்டு வாரியாக வெளியிடுவதில் என்ன தடை?

இனி, சொல்லவே வேதனையான ஒன்று. மலம் அள்ளும் கொடுமைக்கு எதிரான பெஜவாடா வில்சனின் போராட்டம் இந்தத் தங்கவயலில்தான் முளைத்தது. அவர் பிறந்த ஊர் இது. அந்தக் கொடுமையைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். இரண்டுக்கும் நடுவே, 2011இல், இதே தங்கவயலில் குழிக்குள் இறங்கிய மூன்று பேர் மூச்சுத் திணறிச் செத்தார்கள். 2013 சட்டப்படி மாவட்ட விழிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் மாநிலக் கண்காணிப்புக் குழு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் கூட வேண்டும். கூடிய தேதியையும் எடுத்த முடிவையும் நகரசபை வாசலில் ஒட்டுங்கள். சாம்பியன் ரீப்ஸ், மாரிக்குப்பம், கோரமண்டல் பகுதிகளில் மலம் அள்ளுவோரை மறுபடி கணக்கெடுங்கள். விடுபட்ட ஒவ்வொருவருக்கும் ஒருமுறை உதவித்தொகையாக 40,000 ரூபாயும் மாற்றுத் தொழிலும் கிடைக்க வேண்டும். குழியில் இறந்தவர் குடும்பத்துக்கு உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் விதித்த 30 லட்சத்தை, குடும்பம் அலையாமல் வீடு தேடிக் கொடுங்கள்.

1946 நவம்பர் 4இல் உரிமை கேட்டு நின்ற சுரங்கத் தொழிலாளர் ஆறு பேர் இந்த மண்ணில் சுடப்பட்டு இறந்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் கேட்பதற்கு அடுத்த கூட்டத்தொடரிலேயே பதில் வேண்டும். பதிலைத் தமிழிலும் கன்னடத்திலும் எழுத்தில் தாருங்கள். பொறுப்பேற்கும் அதிகாரியின் பெயரும் பதவியும் அதில் இருக்கட்டும்.