"கிடைச்ச வேலைக்குப் போ"ன்னு சொல்றவங்களுக்கு ஒரு த்ரெட்

கொஞ்சம் நீளம். உங்க வீட்லயோ தெருவுலயோ கும்மிடிப்பூண்டி சிப்காட், திருவள்ளூர், தடா பக்கம் கம்பெனி வேலைக்குப் போறவங்க இருந்தா கடைசி வரைக்கும் படிங்க.

ஓ.பி.யில ஒருத்தர். நாற்பதை நெருங்கற வயசு. (அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) மூணு வாரமா வயித்து வலி, மலச்சிக்கல், சாப்பாடே பிடிக்கல. ரெண்டு இடத்துல அல்சர் மாத்திரை வாங்கிப் போட்டிருக்கார். இமையை இறக்கிப் பார்த்தா வெளுத்துக் கிடக்கு.

"எங்கண்ணே வேலை?"

பழைய பேட்டரியை உடைச்சு ஈயம் உருக்கற இடம். அஞ்சு மாசமா. அதுக்கு முன்னாடி வேற கம்பெனியில ஒன்பது வருஷம் மெஷின் ஆபரேட்டர். ஆர்டர் இல்ல, ஆள் குறைக்கப் போறாங்கன்னு பேச்சு வந்ததும் அவரே ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு வந்துட்டார்.

"ஏண்ணே அவசரப்பட்டீங்க?"

"சும்மா உக்காந்தா வீட்ல என்ன சொல்லுவாங்க சார்? மச்சான்தான் சொன்னாரு, கிடைச்சதுக்குப் போயிடு, அப்புறம் பாத்துக்கலாம்னு."

எனக்குக் கோவம் அவர் மேல இல்ல. அந்த மச்சான் மேல. நம்ம எல்லார் வீட்லயும் அப்படி ஒரு மச்சான் இருக்கார்.

முதல்ல ஒண்ணைத் தெளிவா சொல்லிடறேன். சம்பளம் குறைஞ்ச வேலை, அந்தஸ்து குறைஞ்ச வேலை, ரெண்டையும் தாராளமா ஏத்துக்கோங்க. ஆபரேட்டரா இருந்தவர் பேக்கிங்குக்கும் செக்யூரிட்டிக்கும் போறதுல ஒரு கேவலமும் இல்ல. இ.எஸ்.ஐ.க்கு சம்பள வரம்பு 2017லிருந்து மாசம் 21,000. அதுக்கு மேல வாங்கிட்டு இருந்தவர் 17,000க்கு இறங்கினா, இதுவரை இல்லாத இ.எஸ்.ஐ. குடும்பத்துக்கே கிடைக்கும். ஒரு ஆபரேஷன் வந்தா அந்த வித்தியாசம் புரியும்.

நான் வேண்டாம்னு சொல்றது வேற வேலையை. கார்டு கிடையாது, பி.எஃப். கிடையாது, பேர் எந்த ரிஜிஸ்டர்லயும் கிடையாது, உடம்பு மட்டும் கரையும். அதையும் "கொஞ்சம் சுமாரான வேலை"ங்கற அதே பேர்ல விக்கறாங்க.

ஈயத்தை எடுத்துக்கோங்க. புகையா மூச்சுல போகும், தூசியா கை வழியா சோத்துல போகும். ரத்தத்தைக் குறைக்கும், நரம்பைக் கெடுக்கும், பிரஷரை ஏத்தும். எலும்புல போய் வருஷக்கணக்கா தங்கும். சட்டையில ஒட்டிக்கிட்டு வீட்டுக்கும் வரும். அப்பா அதே சட்டையோட குழந்தையைத் தூக்கினா அதுக்கும் போகும். வளர்ற மூளைக்கு அது ஆகவே ஆகாது.

ஃபர்னஸ் வேலை இன்னொண்ணு. இண்டக்‌ஷன் ஃபர்னஸுக்கு லைனிங் போடற பொடி பெரும்பாலும் குவார்ட்ஸ்தான், அதாவது சிலிக்கா. அந்தத் தூசி நுரையீரலைத் தழும்பாக்கினா திருப்பிச் சரி பண்ண மருந்து இல்ல. வேலையை விட்ட பிறகும் நோய் வளரலாம். டி.பி. வர்ற வாய்ப்பும் கூடும்.

இப்ப காசுக் கணக்குக்கு வருவோம், ஏன்னா மச்சான் பேசறது காசு.

ஆட்குறைப்புன்னா வருஷத்துக்கு 15 நாள் சராசரி சம்பளம், கூடவே ஒரு மாச நோட்டீஸ் இல்லன்னா அதுக்கான சம்பளம். 1947 சட்டத்துலயே இருந்த விஷயம். ஒன்பது வருஷம், மாசம் 20,000ன்னு வைங்க. தோராயமா 90,000மும் 20,000மும், ஆக 1,10,000. கிராஜுவிட்டி தனி, அது ராஜினாமா பண்ணாலும் வரும். ஆனா இந்த 1,10,000 தானா எழுதிக் குடுத்தவருக்கு வராது. புது வேலையில மாசம் 15,000. அஞ்சு மாசத்துக்கு 75,000. ஈயப் புகையில சம்பாதிச்சதை விட, பேசாம உக்காந்து நோட்டீஸ் வாங்கியிருந்தா அதிகம்.

அந்த 15,000க்கு முதலாளி கட்ட வேண்டிய இ.எஸ்.ஐ. பங்கு 3.25 சதவீதம். 487 ரூபா 50 காசு. இதை மிச்சம் பிடிக்கத்தான் ஒரு மனுஷனுக்குப் பேர் இல்ல.

இன்னொண்ணும் யாரும் சொல்றதில்ல. வேலை போன அன்னிக்கே இ.எஸ்.ஐ. கார்டு செத்துடாது. ஏப்ரல்-செப்டம்பர்ல 78 நாள் சந்தா இருந்தா அடுத்த ஜனவரி-ஜூன்ல வைத்தியம் உண்டு. வேலை போனவங்களுக்குச் சராசரி சம்பளத்துல பாதி, அதிகபட்சம் 90 நாள் தர்ற அடல் பீமித் திட்டமும் 2018ல வந்தது. விருப்ப ஓய்வுல வந்தவங்களுக்கு அது கிடையாது. அப்பப்போ காலம் நீட்டிக்கற திட்டம், அதனால இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துல நேர்ல கேளுங்க.

மறைமலை நகர் ஃபோர்டு ஞாபகம் இருக்கா? 2021 செப்டம்பர்ல மூடறோம்னாங்க. தொழிலாளிங்க அவசரப்பட்டு எழுதிக் குடுக்கல. மாசக்கணக்குல பேசினாங்க. சட்டம் சொல்ற 15 நாளுக்குப் பதிலா வருஷத்துக்கு 100 நாளுக்கும் மேல வாங்கினாங்க. அவங்களுக்கு யூனியன் இருந்துச்சு, நம்ம ரோலிங் மில்லுல ஏது சார்னு கேப்பீங்க. நியாயம்தான். ஆனா வெள்ளைப் பேப்பர்ல கையெழுத்துப் போடாம இருக்க யூனியன் தேவையில்ல.

"டாக்டர், உங்களுக்கு மாசம் பொறந்தா கவர்ன்மென்ட் சம்பளம். எங்க இ.எம்.ஐ.யை யார் கட்டுவா?" இதுவும் வரும். உண்மைதான், அந்தப் பயம் எனக்கு வந்ததில்ல. அதனாலதான் சும்மா இருங்கன்னு சொல்லல. சேர்றதுக்கு முன்னாடி என்ன பொருளோட வேலைன்னு கேளுங்க. பழைய இ.எஸ்.ஐ. நம்பரைக் குடுத்து, இதுலயே சேர்ப்பீங்களான்னு கேளுங்க. "அதெல்லாம் ஆறு மாசம் கழிச்சு"ன்னா எழுந்து வாங்க.

வேற வழியே இல்லாம ஏற்கனவே உள்ள இருக்கீங்களா? கைக்குட்டை எதையும் தடுக்காது, சரியான மாஸ்க் கேளுங்க. குளிச்சு துணி மாத்திட்டு வீட்டுக்குப் போங்க. எந்த டாக்டர்கிட்ட போனாலும் வயித்து வலிக்கு முன்னாடி என்ன வேலைன்னு சொல்லுங்க. நாங்க கேக்க மறந்துடறோம். ஓ.பி. கூட்டம் அப்படி.

அந்த அண்ணனை ரத்தத்துல ஈயம் பார்க்க சென்னைக்கு எழுதி அனுப்பினேன். ரெண்டு பசங்களையும் கூட்டிட்டுப் போகச் சொன்னேன். "ஒரு நாள் கூலி போயிடுமே சார்"னார்.

இ.எஸ்.ஐ. சந்தேகம் இருந்தா கீழ கேளுங்க. நாளைக்கு நைட் டியூட்டி, பதில் லேட்டாகும்.