இயந்திரம் யாருடைய தமிழைக் கற்கின்றது?

புலம்பெயர்ந்த நாடுகளில் வளர்ந்த எமது பிள்ளைகளுள் பலர் பத்து வயதிலேயே மொழிபெயர்ப்பாளர்களாகிவிட்டவர்கள். மருத்துவமனையில் அம்மாவின் வயிற்று வலியை ஆங்கிலத்தில் எடுத்துரைத்தவர்கள். வாடகை ஒப்பந்தத்தை அப்பாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டியவர்கள். குடிவரவுத் திணைக்களத்தின் கடிதத்தைப் பிரித்துவிட்டு, வீடே மூச்சடக்கி நிற்க, "பயப்பட ஒன்றுமில்லை" என்று சொன்னவர்கள். அந்தப் பணி இன்று மெல்ல மெல்லக் கைத்தொலைபேசிக்குக் கைமாறி வருகின்றது. பேரப்பிள்ளை பாடசாலைக்குப் போயிருக்கும் வேளையில் அம்மம்மா கடிதத்தைப் படம் பிடிக்கின்றார். அடுத்த கணமே திரையில் தமிழ் தோன்றுகின்றது. கூகிள் நிறுவனம் 2006இல் தனது மொழிபெயர்ப்புச் சேவையைத் தொடங்கியபோது தமிழ் அதில் இருக்கவில்லை. 2011 யூன் மாதத்திலேயே சேர்க்கப்பட்டது. இன்று அந்த வசதியில்லாத ஒரு காலத்தை எமது இளையோரால் எண்ணிப் பார்க்கவும் இயலாது.

எனினும், அந்தத் தமிழை இயந்திரத்திற்குக் கற்பித்தவர் யார் என்னும் வினாவை நாம் இதுவரை போதிய அளவில் எழுப்பவில்லை. இவ்வினாவுக்கு விடை தேடுவோர் பல்கலைக்கழகங்களின் கணினி அறிவியல் துறைகளிலும் மொழியியல் துறைகளிலும் இருக்கின்றார்கள். இயந்திர மொழிபெயர்ப்பு ஆய்வாளர் என்பது அவர்களது தொழிலின் பெயர். எமது வீடுகளில் பிள்ளைகளின் எதிர்காலம் பேசப்படும் இரவுகளில் இப்பெயர் உச்சரிக்கப்படுவது மிக அரிது.

கனடாவில் வாழும் எமக்கு இத்துறை ஓர் அயல்நாட்டுச் சங்கதியன்று. மொன்றியல் பல்கலைக்கழகத்து ஆய்வுக்குழுவொன்று உருவாக்கிய 'மெற்றியோ' என்னும் கருவி, 1977 முதல் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்நாட்டின் வானிலை அறிக்கைகளை ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்கு நாள்தோறும் மாற்றித் தந்தது. அதன்பின் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இலக்கண விதிகளை ஒதுக்கிவிட்டு, இலட்சக்கணக்கான வாக்கியங்களை இரு மொழிகளிலும் அருகருகே வைத்து, எந்தச் சொல்லுக்கு எந்தச் சொல் இணையாக வருகின்றது என்பதைக் கணினியே எண்ணிக் கண்டுகொள்ளுமாறு செய்தார்கள். அதற்கு அவர்கள் பயன்படுத்தியது கனடிய நாடாளுமன்றத்தின் 'ஹன்சார்ட்' பதிவேடுகளை. இன்றைய கருவிகள் அனைத்திற்கும் அடித்தளமாக விளங்கும் 'கவனக்குவிப்பு' என்னும் நுட்பமும் 2014இல் பேராசிரியர் யோசுவா பெஞ்சியோவின் மொன்றியல் குழுவில்தான் மொழிபெயர்ப்புக்காக உருவாக்கப்பட்டது. கூகிள் ஆய்வாளர்கள் 2017இல் அதனை மேலும் வளர்த்தெடுத்தார்கள்.

இத்தனையும் இந்த நாட்டில் நிகழ்ந்தமைக்குக் காரணம் அறிவாளிகள் இங்கு கூடியிருந்தமை மட்டுமன்று. அரச மொழிபெயர்ப்புப் பணியகம் 1934 முதல் இயங்கி வருகின்றது. உத்தியோகபூர்வ மொழிகள் சட்டம் 1969இல் நிறைவேறியது. ஓர் அரசு தன் குடிமக்களின் இரு மொழிகளிலும் பேசியும் எழுதியும் ஆகவேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தியதால் குவிந்த தாள்களே அந்த அறிவியலுக்கு எருவாயின. மொழியுரிமைக்கும் கணினிக்கும் என்ன தொடர்பு என்று கேட்போருக்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இன்னுமொரு சான்றையும் கூறலாம். வட கனடாவின் இனுயிற் மக்களின் மொழியைப் பேசுவோர் ஏறத்தாழ 40,000 பேர் மட்டுமே. ரொறன்ரோப் பெரும்பாகத்தில் வாழும் தமிழரைவிடவும் குறைந்த தொகையினர். ஆனால் 1999இல் நுனாவுட் ஆள்புலம் அமைந்த நாள் முதல் அதன் சட்டமன்ற உரைகள் இனுக்ரிருட்டிலும் ஆங்கிலத்திலும் பதிவாகின்றன. அவற்றிலிருந்து 2020இல் கனடியத் தேசிய ஆய்வுக் கழகம் வெளியிட்ட தொகுப்பில் சுமார் 13 இலட்சம் வாக்கிய இணைகள் உள்ளன. ஏழு கோடிக்கும் மேற்பட்டோர் பேசும் எமது மொழியின் நிலையோ வேறு. செக் நாட்டின் பிராக் நகரிலுள்ள சார்ல்ஸ் பல்கலைக்கழகத்தில் 2012 அளவில் தொகுக்கப்பட்ட ஆங்கில–தமிழ் வாக்கியத் தொகுப்பு, விவிலியம், சினிமாச் செய்தி, பொதுச் செய்தி ஆகிய மூன்றிலிருந்தும் திரட்டப்பட்டு, ஏறத்தாழ 1,70,000 இணைகளையே எட்டியது. இனுயிற் தொகுப்பில் எட்டில் ஒரு பங்கு என்க. சென்னை ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த ஆய்வுக்குழு 2021இல் வெளியிட்ட 'சமானந்தர்' தொகுப்பு இந்தக் குறையைப் பெருமளவு நீக்கி, தமிழுக்கு ஏறத்தாழ 50 இலட்சம் இணைகளைத் தந்தது. பாராட்டுக்குரிய உழைப்பு. ஆயினும் அவற்றுள் பெரும்பகுதி இணையத்தில் கிடந்த வாக்கியங்களைக் கணினியே தேடி இணைத்தவை. இந்தியச் செய்திகளும் இந்திய வழக்குகளும் அவற்றில் மிகுந்திருப்பது இயல்பே.

இங்குதான் எமது கவலை தொடங்குகின்றது. தான் வாசித்த தாள்களில் எந்தச் சொல் எந்தப் பொருளில் மிகுதியாக வந்ததோ, அதையே இயந்திரம் எமக்குத் திருப்பித் தரும். 'இயக்கம்' என்ற சொல் ஈழத்தமிழன் ஒருவனின் வாயில் எதைக் குறிக்கும் என்பதை இங்கு விளக்கத் தேவையில்லை. இயந்திரம் வாசித்த செய்திகளில் அது எந்திரத்தின் ஓட்டமாகவும் திரைப்பட நெறியாள்கையாகவுமே வந்திருந்தால், அது வேறென்ன செய்யும்? 'இடம்பெயர்ந்தோர்' என்று நாம் எழுதுவது, பிழைப்புத் தேடி ஊர் மாறியவர்களைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாக மாறிவிட்டால், ஷெல் வீச்சுக்குத் தப்பி முள்ளிவாய்க்கால் வரை நடந்தவர்களின் கதை ஒரு தொழில் தேடிய பயணமாகிவிடும்.

அரச ஆவணங்களின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். 1956இன் தனிச்சிங்களச் சட்டத்தின் பின் 31 ஆண்டுகள் கழித்தே, 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்தின் மூலம் தமிழும் இலங்கையின் அரசகரும மொழியென எழுதப்பட்டது. எழுதப்பட்ட அளவுக்கு அது நடைமுறைக்கு வரவில்லை என்பதைச் சிங்களத்தில் மட்டும் கடிதம் பெற்ற எவரும் அறிவர். இக்குறையைத் தீர்க்கும் நோக்குடன் மொறட்டுவைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அரச ஆவணங்களைச் சிங்களத்துக்கும் தமிழுக்கும் இடையே மாற்றும் கருவியொன்றை உருவாக்கி, 2018இல் அதுபற்றி எழுதினார்கள். அம்முயற்சியை நாம் குறைகூற வரவில்லை. அது வளர வேண்டும் என்பதே எமது விருப்பம். ஆனால் அரச தாள்களை மட்டும் வாசித்து வளரும் எந்தக் கருவியும் அரசின் சொற்களையே கற்கும். 2016இன் சட்டத்தால் உருவான அலுவலகத்தின் பெயர் 'காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம்'. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி வீதியோரத்தில் அமர்ந்த தாய்மார் தம் பிள்ளைகளை அவ்வாறு அழைக்கவில்லை. 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்' என்றே எழுதிப் பிடித்தார்கள். முன்னதில் பிள்ளை தானாகத் தொலைந்திருக்கலாம். பின்னதில் அவனைத் தொலைத்தவன் ஒருவன் இருக்கின்றான். 2006இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற உடன்படிக்கையும் பின்னதைப் பற்றியதே. ஓர் இயந்திரம் இவ்விரண்டையும் ஒரே ஆங்கிலச் சொல்லாக்கிவிடுமாயின், அதற்கு எவரும் சதி செய்திருக்கத் தேவையில்லை. எண்ணிக்கையே அதைச் செய்துவிடும்.

தமிழின் இலக்கண நுட்பங்கள் இதைவிடவும் கவனத்திற்குரியவை. "இராணுவம் கொண்டுபோனது" என்பது ஒரு கூற்று. "இராணுவம் கொண்டுபோனதாம்" என்பது பிறர் சொல்லக் கேட்டது. அந்த ஒற்றை 'ஆம்' மொழிபெயர்ப்பில் விழுந்துவிட்டால், கேள்விப்பட்டவர் கண்ணால் கண்ட சாட்சியாகிவிடுவார். பின்னர் நேர்முக விசாரணையில் "நான் காணவில்லை" என்று அவர் உண்மையைச் சொல்லும்போது முன்னுக்குப்பின் முரணாகப் பேசியவர் என்ற பெயர் அவருக்குக் கிடைக்கும். 'அவர்' என்பது ஆணா பெண்ணா என்பதைத் தமிழ் கூறுவதில்லை; ஆங்கிலம் கேட்டே தீரும். ஒன்றுவிட்ட சகோதரனையும் பக்கத்து வீட்டுப் பொடியனையும் 'அண்ணா' என்று அழைக்கும் எமது வழக்கத்தை, உடன்பிறந்தோர் எத்தனை பேர் என்று கேட்கும் படிவம் அறியாது. இவை கற்பனை அச்சங்கள் என்று தள்ளிவிட இயலாது. பஷ்தூ மொழி பேசும் ஆப்கானிய அகதிப் பெண்ணொருவரின் எழுத்து மூல விண்ணப்பத்தில் 'நான்' என்பதை இயந்திரம் 'நாம்' என மாற்றிவிட்டதனால், அது நேர்முகத்தில் அவர் கூறியவற்றோடு பொருந்தாமற்போய், அமெரிக்காவில் அவரது கோரிக்கை நிராகரிக்கப்பட்டதாக 2023இல் ஊடகங்களில் செய்தி வெளிவந்தது.

இத்தகைய பிழைகளைத் தேடிப் பிடிப்பதும், அளப்பதும், திருத்துவதுமே இத்துறை ஆய்வாளரின் அன்றாட வேலை. வெளியிலிருந்து பார்ப்போர் எண்ணுவது போல அது முழுநாளும் நிரல் எழுதுவதன்று. ஒரு தொகுப்பில் வரிகள் சரியாக இணைந்துள்ளனவா என்று பார்ப்பதிலேயே வாரங்கள் கழியும். மொழிபெயர்ப்பின் தரத்தை அளக்க 2002இல் ஐ.பி.எம். ஆய்வாளர்கள் வகுத்த 'புளூ' என்னும் அளவுகோல், மனிதர் செய்த மொழிபெயர்ப்போடு எத்தனை சொற்றொடர்கள் அப்படியே ஒத்துப்போகின்றன என்று எண்ணுவது. 'வீட்டிலிருந்து' என்று மனிதர் எழுதி, 'வீட்டில் இருந்து' என்று இயந்திரம் எழுதினால், பொருள் மாறாதபோதும் அது புள்ளி கொடுக்காது. விகுதி மேல் விகுதி ஏறும் எமது மொழிக்கு இந்த அளவுகோல் இழைக்கும் அநீதியைத் தமிழ் தெரிந்தவரே உடனே காண்பார். இன்று உலகெங்கும் கையாளப்படும் 'புளோரெஸ்' என்னும் சோதனைத் தொகுப்பின் 3,001 வாக்கியங்களும் ஆங்கில விக்கித் தளங்களிலிருந்து எடுக்கப்பட்டு, பின்னர் தமிழ் உட்படப் பிற மொழிகளுக்கு மாற்றப்பட்டவை. அதாவது, தமிழில் பிறந்த ஒரு வாக்கியமேனும் இல்லாத தேர்வில் இயந்திரத்தின் தமிழ் சோதிக்கப்படுகின்றது. வன்னித் தாயொருத்தியின் வாக்குமூலத்தை அது எப்படி மாற்றும் என்பதை அந்தப் புள்ளிகள் ஒருபோதும் சொல்லா. அந்தத் தேர்வுத்தாளை எழுத வேண்டியவர் எவர்?

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் வேற்றுமையும் புணர்ச்சியும் எதற்கென்று முணுமுணுத்த மாணவர்களுக்கு ஒரு செய்தி: 'மரங்களிலிருந்துதானாம்' என்ற ஒரு சொல்லைப் பிரித்து, மரம் எது, பன்மை எது, வேற்றுமை எது, கேள்விப்பட்டதைக் காட்டுவது எது என்று இயந்திரத்திற்கு உணர்த்துவது இத்துறையில் இன்றும் ஆய்வுக்குரிய சிக்கல். உங்கள் ஆசிரியை கரும்பலகையில் எழுதியதும் அதுதான். கணிதமும் வேண்டும், குறிப்பாக நிகழ்தகவும் அணிக்கோவையும். ஆனால் கணிதம் தெரிந்தோர் ஆயிரக்கணக்கில் இருக்கின்றார்கள். கணிதத்தோடு 'கொண்டுபோனதாம்' என்பதன் பொருளையும் அறிந்தோர் மிகச் சிலரே.

பெற்றோர்களுக்கு இத்துறையின் சிரமங்களை மறைத்துக் கூறுவது நேர்மையாகாது. இளமாணிப் பட்டத்திற்குப் பின் முதுமாணி, அதன்பின் நான்கு முதல் ஆறு ஆண்டுகள் வரை கலாநிதிப் பட்ட ஆய்வு. அக்காலத்தில் கிடைக்கும் உதவித்தொகையில் வீட்டுக்கடன் எடுக்க இயலாது. நிரந்தரப் பேராசிரியர் பதவிகள் குறைவு. ஒப்பந்தப் பதவிகளில் ஊர் ஊராகச் செல்ல நேரலாம். எம் சமூகத்தில் முப்பது வயது வரை 'படித்துக்கொண்டிருக்கும்' பிள்ளையைப் பற்றித் திருமண வீடுகளில் கேட்கப்படும் கேள்விகளையும் நாம் அறிவோம். மறுபுறம், இதே பயிற்சி பெற்றவர்களைப் பெரிய கணினி நிறுவனங்கள் விரும்பி அழைப்பதும் உண்மை. ஆனால் வணிக நிறுவனம் தனக்கு வருவாய் தரும் மொழியையும் வழக்கையுமே முதலில் கவனிக்கும். அதனைக் குற்றமெனக் கூறிப் பயனில்லை. யாழ்ப்பாண வழக்கையும் மட்டக்களப்பு வழக்கையும், அகதி விண்ணப்பத்தின் தமிழையும் ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்ளும் சுதந்திரம் பல்கலைக்கழகத்திலேயே உண்டு.

எமது அமைப்புகளுக்கும் இதில் வேலை இருக்கின்றது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்திலும் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்திலும் தமிழ் இருக்கைகளுக்காக உலகத் தமிழர் பல இலட்சம் டொலர்களை மனமுவந்து வழங்கினார்கள். அதனோடு ஒப்பிடுகையில், தமிழ் மொழிபெயர்ப்பில் ஆய்வு செய்யும் ஒரு கலாநிதிப் பட்ட மாணவரை நான்கு ஆண்டுகள் தாங்கும் உதவித்தொகை மிகச் சிறியது. அதற்கும் முன்னதாக, பணமின்றியே செய்யக்கூடியது ஒன்று உண்டு. முப்பது ஆண்டுகளாக எமது சங்கங்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியிட்ட அறிக்கைகள், சுகாதாரக் கையேடுகள், பாடநூல்கள், மனுக்கள் ஆகியவை அலுமாரிகளிலும் பழைய கணினிகளிலும் கிடக்கின்றன. எமது சொற்கள் எமது பொருளில் இரு மொழிகளிலும் அருகருகே எழுதப்பட்டவை அவை. அவற்றை ஒழுங்குபடுத்திப் பல்கலைக்கழக ஆய்வாளர்களிடம் முறையான உடன்பாட்டுடன் கையளிக்கலாம். வாக்குமூலங்களும் சாட்சியங்களும் மட்டும் வேறு வகையின. உரியவரின் ஒப்புதலின்றி அவற்றை எந்தத் தொகுப்பிலும் சேர்க்கக்கூடாது, இணையத்தின் இலவசக் கருவிகளிலும் இடக்கூடாது.

ஒன்ராறியோ உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சனவரி நடுப்பகுதிக்குள் பல்கலைக்கழக விண்ணப்பங்களை அனுப்ப வேண்டும். கணினி அறிவியலோடு மொழியியலையும் சேர்த்துப் படிக்க இடமுண்டா என்று விண்ணப்பிக்கும் பல்கலைக்கழகத்திடம் கேளுங்கள். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் கணினி மொழியியலுக்கெனவே நெடுங்காலமாக ஓர் ஆய்வுக்குழு இருக்கின்றது. அதன் பேராசிரியர்களின் பெயர்களும் ஆய்வுகளும் எவரும் பார்க்கக்கூடியவை. அம்மம்மாவின் கைத்தொலைபேசியில் தோன்றிய ஒரு தவறான தமிழ் வரியைக் குறித்துக்கொண்டு போய், இது ஏன் இப்படி வந்தது என்று அங்கு ஒருவரிடம் கேட்டுப் பார்க்கலாம்.