விளையாடும் பிள்ளையா, படம் செய்யும் பிள்ளையா?

இரவு பத்தரை மணி. லோகல் ரயிலில் நின்றுகொண்டே வந்த தந்தை செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே நுழைகிறார். பத்துக்குப் பத்து அறை. மூலையில் பழைய கம்ப்யூட்டர். அதன் முன்னால் மகன்.

"இந்நேரத்துக்கு என்னடா விளையாட்டு?"

"விளையாடலேப்பா. விளையாட்டுக்குப் படம் செய்யறேன்."

தந்தை நம்புவதில்லை. சுவிட்சை அணைத்து விடுகிறார். தாராவியிலும், சயான் கோலிவாடாவிலும், மாட்டுங்கா லேபர் கேம்பிலும் எந்தத் தமிழர் வீட்டிலும் நடக்கக்கூடிய காட்சி இது. தந்தையின் கோபத்தில் நியாயம் உண்டு. கரண்ட் பில் அவர் கட்டுவது. பரீட்சை பையன் எழுதுவது. ஆனால் பையன் சொன்னது பொய்யல்ல. விளையாடுவது வேறு, படம் செய்வது வேறு. இந்த வேற்றுமையைப் பெற்றோர் அறிந்துகொள்வது நல்லது.

சுவரில் ஒரு முத்திரை

அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆட்டம் "டீம் ஃபோர்ட்ரஸ் 2". பலர் இணையத்தின் வழியே இரண்டு கட்சிகளாகப் பிரிந்து ஆடுவது. 2011 முதல் இலவசம். இதில் ஒரு வசதி உண்டு. ஆடுபவர் ஒரு விசையைத் தட்டினால், ஆட்டத்துக்குள் இருக்கும் சுவரில் அவருடைய சொந்தப் படம் பதியும். இதற்கு "ஸ்ப்ரே" என்று பெயர். இதே நிறுவனம் 1998-ல் வெளியிட்ட "ஹாஃப் லைஃப்" ஆட்டத்திலும் இந்த வசதி இருந்தது.

சாதாரணப் படம் சுவரில் சதுரமாக, போஸ்டர் ஒட்டியது போல நிற்கும். கைத்தேர்ந்தவர் செய்யும் படம் அப்படி நிற்பதில்லை. உருவம் மட்டும் தெரியும். சுற்றிலும் சுவரே தெரியும். அந்த உருவம் அசையவும் செய்யும்.

கூட்ஸ் வேகன்களில் எண் எழுதுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தகட்டில் எண்ணின் வடிவத்தை வெட்டி எடுத்து, அதை வேகன் மீது வைத்துப் பெயிண்ட் அடிப்பார்கள். வெட்டிய இடத்தில் பெயிண்ட் விழும். தகடு மறைத்த இடத்தில் வேகனின் நிறமே நிற்கும். கம்ப்யூட்டர் படத்திலும் நடப்பது இதுதான். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் உண்டு. நாலாவதாக "ஆல்ஃபா" என்று ஓர் எண் சேர்கிறது. அது 0 என்றால் அந்தப் புள்ளி கண்ணுக்குத் தெரியாது. 255 என்றால் முழுதாகத் தெரியும். இடைப்பட்ட எண்களில் புகை, நிழல், கண்ணாடி எல்லாம் வரும். தகட்டினால் இது ஆகாது.

இந்த நாலாவது எண் விளையாட்டுப் பிள்ளைகள் கண்டுபிடித்ததல்ல. எட் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித் என்ற இரு அறிஞர்கள் 1977-ஐ ஒட்டி நியூயார்க்கில் உருவாக்கியது. படங்களை ஒன்றன் மேல் ஒன்றாகச் சேர்க்கும் முறைக்காக அவர்களுக்கும் வேறு இருவருக்கும் 1996-ல் ஹாலிவுட் அகாடமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது. இன்று சினிமாவில் நடிகருக்குப் பின்னால் மலை வருவதும் இந்தக் கணக்கினால்தான்.

சம்பளத்துக்குள் குடும்பம்

இனி, பையன் இரவில் போடும் கணக்கைப் பார்க்கலாம். ஸ்ப்ரே கோப்பு 512 கிலோபைட்டுக்கு மேல் போகக்கூடாது. மாதச் சம்பளம் போல, அதற்குள் எல்லாச் செலவும் அடங்க வேண்டும்.

அகலம் 256, உயரம் 256 புள்ளிகள் கொண்ட ஒரு படத்தில் 65,536 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு நாலு எண் என்றால் ஒரு படத்துக்கு 256 கிலோபைட். இரண்டு படம் வைத்தாலே 512 முடிந்துபோகும். கோப்பின் தலைப்புக் குறிப்புக்கு இடமில்லை. ஒரே படம் எப்படி அசையும்?

ஆகவே படத்தைச் சுருக்க வேண்டும். "டி.எக்ஸ்.டி. 5" என்ற சுருக்க முறையில் ஒரு படம் 64 கிலோபைட்தான். ஏழு படங்கள் கொள்ளும். உருவத்தை 128-க்கு 128 என்று சிறிதாக்கினால் ஒரு படம் 16 கிலோபைட், முப்பத்தொன்று கொள்ளும். பெரிதாக, தெளிவாக வேண்டுமா? அசைவு குறையும். அசைவு நிறைய வேண்டுமா? உருவம் சிறுக்கும். வாடகையைக் கூட்டினால் பள்ளிக்கூடப் பீஸில் கைவைக்க வேண்டியிருப்பது போலத்தான்.

இன்னொரு தொல்லையும் உண்டு. வெள்ளைப் பின்னணியில் வரைந்த உருவத்தை வெட்டி எடுத்தால், ஓரத்தில் வெள்ளைக் கோடு ஒட்டிக்கொண்டு அசிங்கமாகத் தெரியும். மறைந்திருக்கும் பகுதியிலும் உருவத்தின் ஓர நிறத்தையே பூசி வைத்தால் அந்தக் கோடு போய்விடும். யார் கண்ணுக்கும் தெரியாத இடத்துக்கும் பெயிண்ட் அடிக்கத் தெரிந்தவனே தொழில் தெரிந்தவன். "கிம்ப்" போன்ற வரைபட மென்பொருளும், இந்தக் கோப்பைச் செய்யும் "வி.டி.எஃப். எடிட்" என்ற கருவியும் இலவசம். செலவு பொறுமை மட்டுமே.

செய்தவன் வாங்குபவன் ஆனான்

ஆனால் காலம் எந்தப் பக்கம் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். அதே நிறுவனத்தின் பழைய "கவுண்டர் ஸ்ட்ரைக்" ஆட்டத்தில் ஆடுபவர் தம் படத்தைச் சுவரில் பதிக்கலாம். அந்த வரிசையில் 2012-ல் வந்த "குளோபல் அஃபென்சிவ்" ஆட்டத்தில் அந்த வசதி இல்லை. 2016-ல் அது "கிராஃபிட்டி" என்ற பெயரில் திரும்பி வந்தது. சொந்தப் படத்துக்கு இடமில்லை. நிறுவனம் வைத்திருக்கும் படங்களில் ஒன்றைத்தான் பதிக்க முடியும். அதுவும் ஐம்பது முறை அடித்தால் தீர்ந்துவிடும்!

பையன்கள் சும்மா செய்துகொண்டிருந்த பொருள் கடைச் சரக்காகிவிட்டது. இதற்குப் பையன்கள் சிலரும் காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. கையில் சுவர் கிடைத்ததும் ஆபாசப் படங்களை அடித்தவர்கள் அநேகர். பொதுச் சுவரை அசிங்கப்படுத்தினால் சுவர்க்காரன் பூட்டத்தான் செய்வான்.

வேறொரு கதவு திறந்தே இருக்கிறது. 2011-ல் வால்வ் நிறுவனம் "ஒர்க்ஷாப்" என்ற ஏற்பாட்டைத் தொடங்கியது. ஆடுபவர்கள் செய்யும் தொப்பி, ஆயுத அலங்காரம் போன்றவற்றில் தேர்ந்தவை ஆட்டத்தில் விற்கப்படும். செய்தவருக்குப் பங்கு உண்டு. 2015 ஜனவரி வரை 1,500-க்கும் மேற்பட்டோருக்கு 5 கோடியே 70 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்திருப்பதாக நிறுவனமே அறிவித்தது. இது எல்லோருக்கும் சமமாகப் போன பணமல்ல. படம் செய்யும் ஒவ்வொரு பையனும் லட்சாதிபதி ஆவான் என்று யாரும் கனவு காண வேண்டாம். ஆனால் இது வேலை, வெறும் பொழுதுபோக்கல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இந்திய அரசும் இதை உணர்ந்திருக்கிறது. அனிமேஷன், கேமிங் துறைக்கென ஒரு பணிக்குழு அமைக்கப்படும் என்று 2022 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. 2025-ல் இந்தியப் படைப்புத் தொழில்நுட்பக் கழகம் இதே மும்பையில் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்கிறது. சூதாட்டம் வேறு, கைத்தொழில் வேறு என்று சட்டமே பிரித்துப் பார்க்கிறது. வீட்டில் மட்டும் ஏன் இரண்டையும் ஒரே கண்ணால் பார்க்க வேண்டும்?

பெற்றோர் செய்ய வேண்டியது

சுவிட்சை அணைக்கும் முன், "செய்ததைக் காட்டு பார்க்கலாம்" என்று ஒரு வார்த்தை கேட்கலாம். காட்ட ஒன்றும் இல்லை என்றால் தாராளமாக அணைக்கலாம். படம் இருந்தால், "இது உன் கையால் வரைந்ததா, எடுத்து ஒட்டியதா?" என்று கேட்க வேண்டும். அடுத்தவர் வரைந்ததைத் தன் பெயரில் அடிப்பது திருட்டு என்பதை அங்கேயே சொல்ல வேண்டும். படிப்புக்கு இத்தனை மணி, படத்துக்கு இத்தனை மணி என்று நேரம் வகுத்துத் தர வேண்டும்.

இங்குள்ள தமிழ்ச் சங்கங்களும் யோசிக்கலாம். ஆண்டு விழாவில் மாலைக்கும் பொன்னாடைக்கும் ஆகும் செலவைக் குறைத்தால், இரண்டு கம்ப்யூட்டர் வாங்கி ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடத்த முடியும். வீட்டில் இடமில்லாத பிள்ளைக்கு அது பெரிய உதவி.

பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த தலைமுறை, பெரும்பாலும் பிறர் செய்த சரக்கை ஏற்றியும் இறக்கியும், பிறர் கணக்கை எழுதியும் காலம் தள்ளியது. அதில் இழிவு ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பத்துக்குப் பத்து அறையின் மூலையில் ஒரு பிள்ளை தானே ஒரு சரக்கைச் செய்து பார்க்கிறான். அந்த விளக்கு இன்னும் அரை மணி நேரம் எரியட்டும்.