தாராக் குஞ்சு விளையாட்டுச் சாமான் இல்லை



கொஞ்சம் நீளமான பதிவு. சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டார் பொறுமையாக வாசியுங்கள்.

பெருநாள் விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கிய அன்று, பெருநாள் காசில் என்ன வாங்கினீர்கள் என்று தரம் 4 பிள்ளைகளிடம் கேட்டோம். வருடாவருடம் கேட்கிற கேள்விதான். துவக்கு, பலூன், ஐஸ்கிறீம் என்று சொல்லிக்கொண்டு போனார்கள். ஒருவன் மட்டும் வாய் திறக்கவில்லை. இடைவேளைக்கு மற்றப் பிள்ளைகள் வெளியே போன பிறகு மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றான். மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி வந்தவரிடம் ஒரு தாராக் குஞ்சு வாங்கியிருக்கிறான். அன்று பின்னேரம் முழுக்க பேசினில் தண்ணீர் ஊற்றி நீந்த விட்டிருக்கிறான். மஃரிபுக்குப் பிறகு அது நடுங்கத் தொடங்கியதாம். துவாயில் சுற்றி அட்டைப்பெட்டிக்குள் வைத்துவிட்டுப் படுத்திருக்கிறான். சுபஹுக்கு எழும்பிப் பார்த்தால் விறைத்துப் போய்க் கிடந்திருக்கிறது.

"சேர், நீங்கதானே சொன்னீங்க, தாராட செட்டை நனையாதெண்டு" என்றான்.

சொன்னோம்தான். சுற்றாடல் பாடத்தில் நீர்ப்பறவைகளைப் பற்றிப் படிப்பிக்கும்போது, வாலடியில் உள்ள சுரப்பியிலிருந்து எண்ணெயை அலகால் எடுத்து இறகில் பூசிக்கொள்ளும், அதனால் தண்ணீர் ஒட்டாது என்று கரும்பலகையில் படமும் கீறிக் காட்டினோம். வளர்ந்த தாராவுக்கு அது சரி. குஞ்சின் உடம்பில் இருப்பது இறகே இல்லை, வெறும் பஞ்சு. அதன் எண்ணெய்ச் சுரப்பியும் அந்த வயதில் ஒழுங்காக வேலை செய்யாது. தாயோடு இருக்கிற குஞ்சுக்குத் தாயின் வயிற்றடியில் உரசிக் கிடப்பதில் எண்ணெய்ப் பசை ஒட்டும். நனைந்தாலும் தாயின் செட்டைக்குள் போய்ச் சூடேறிக்கொள்ளும். தாயில்லாத குஞ்சு பேசினில் கிடந்தால் பஞ்சு நனைந்து, உடம்பு குளிர்ந்து, சில மணித்தியாலத்தில் முடிந்துவிடும். இதை வகுப்பில் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவுமில்லை. பிள்ளை பாடத்தை நம்பி வீட்டில் செய்து பார்த்திருக்கிறான்.

அடுத்ததாக அவன் கேட்டது: "எனக்குப் பாவம் எழுதியிருப்பாங்களா சேர்?"

பருவ வயதை அடையாத பிள்ளையின் மீது எதுவும் எழுதப்படுவதில்லை என்பது மார்க்கம் அறிந்த எல்லோருக்கும் தெரியும். அதைத்தான் சொன்னோம். முகம் கொஞ்சம் தெளிந்து விளையாடப் போய்விட்டான். ஆனால் எழுதப்பட வேண்டியது இருந்தால் அது யாருடைய ஏட்டில் என்ற கேள்வி எங்களோடுதான் இருக்கிறது. காசு கொடுத்தது வாப்பா. வாங்கும்போது பக்கத்தில் நின்றது காக்கா. தாரா தண்ணிக்குள்ளதானே கிடக்கும், விடு என்று சொன்னது வீட்டில் பெரியவர் ஒருவர். அரைகுறையாகப் படிப்பித்தது நாங்கள். இத்தனை பெரியவர்கள் சுற்றி நின்ற இடத்தில் பத்து வயதுகூட நிரம்பாத பிள்ளை குற்றத்தைத் தன் தலையில் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறான்.

எங்கள் கருத்து இதுதான்: தாராக் குஞ்சைப் பிள்ளையின் கையில் காசு கொடுத்து வாங்க விடாதீர்கள். வாங்குவதென்றால் வீட்டில் ஒரு பெரியவர் "இது என் பொறுப்பு" என்று சொல்லி வாங்க வேண்டும். சாயம் பூசி விற்கிற கோழிக் குஞ்சுக்கும் இதே பேச்சுத்தான்.

"கோழி, தாரா அறுத்துத் தின்கிறோம்தானே, ஒரு குஞ்சுக்கு இவ்வளவு கதையா?" என்று சிலர் கேட்பார்கள். நாங்களும் தின்கிறோம். ஆனால் அறுப்பதற்கும் நமக்கு ஒழுங்கு சொல்லித் தரப்பட்டிருக்கிறது. கத்தியைத் தீட்டிக்கொள்ள வேண்டும், பிராணியை வதைக்கக் கூடாது. பூனையைக் கட்டிப்போட்டுத் தீனும் கொடுக்காமல், தானாகத் தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண்ணின் கதையை மதரசாவில் ஓதாத பிள்ளை நம்மூரில் இல்லை. அட்டைப்பெட்டிக்குள் குளிரில் கிடந்து செத்த குஞ்சு எந்தக் கணக்கில் வரும் என்பதை ஆலிம்கள் சொல்லட்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அனஸ் (ரழி) அவர்களின் தம்பி அபூ உமைர் வளர்த்த சின்னக் குருவி செத்துப்போனபோது, நபி (ஸல்) அவர்கள் அந்தச் சின்னப் பிள்ளையைச் செல்லமாக அழைத்துக் குருவியைப் பற்றி விசாரித்தார்கள் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. பிள்ளைகள் பறவை வளர்ப்பதை அவர்கள் தடுக்கவில்லை. அந்தப் பிள்ளையின் கவலையையும் சின்ன விஷயம் என்று தள்ளவில்லை. ஆகவே வளர்க்க வேண்டாம் என்று எழுதவில்லை. வளர்ப்பதானால் தெரிந்துகொண்டு வளர்ப்போம் என்றுதான் எழுதுகிறோம்.

முந்தி நம் வீடுகளில் தாரா வளர்த்தது வேறு மாதிரி. சம்மாந்துறை, நிந்தவூர், அட்டாளைச்சேனைப் பக்கம் வயலோடு ஒட்டிய வளவுகளில் பெண்கள் தாரா முட்டையை அடைக்கோழியில் வைத்துப் பொரிக்க விடுவார்கள். கோழி முட்டை 21 நாளில் பொரிக்கும், தாரா முட்டைக்கு 28 நாள். முகத்தில் சிவப்புத் தடிப்பு உள்ள பெரிய இனத்துக்கு 35 நாள். அந்தக் கோழி பாவம், ஒரு கிழமை மேலதிகமாக அடை கிடக்கும். பிறகு குஞ்சுகள் வாய்க்காலுக்குள் இறங்கியதும் கரையில் நின்று கத்திக்கொண்டு ஓடும். எங்கள் மூத்தம்மா அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, போதும் ஏறுங்க என்று குஞ்சுகளை விரட்டி ஏற்றுவா. குளிர்ந்தால் கோழியின் செட்டை இருந்தது. நடக்க மணல் இருந்தது. தின்னப் புழு, நத்தை, சிந்திய நெல் எல்லாம் இருந்தன. யாரும் புத்தகம் படித்து வளர்க்கவில்லை, வளவே வளர்த்தது. இன்று வளவு எல்லாம் கொங்கிறீட், உள்ளே டைல்ஸ். அதே தாராவைப் பெட்டிக்குள் வைத்து வளர்க்கப் பார்க்கிறோம். அப்படியானால் கோழியும் வளவும் செய்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும்.

முதல் வேலை சூடு. முதல் கிழமையில் குஞ்சு இருக்கிற இடம் 32 பாகை செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும், பிறகு கிழமைக்கு 3 பாகை அளவில் குறைத்துக்கொண்டு போகலாம். நமது பகல் சூட்டில் பெரிய சிரமம் இல்லை. இரவிலும் மாரி மழையிலும்தான் ஆபத்து. மேலே காற்றாடி சுற்றுகிற அறையில் வைப்பதும் அப்படித்தான். பெட்டியின் ஒரு பக்கத்தில் பழைய குண்டு பல்ப் ஒன்றை எட்டாத உயரத்தில் தொங்கவிட்டால் போதும். இப்போதைய எல்ஈடி பல்பில் சூடு வராது, இதில் ஏமாறுகிறவர்கள் பலர். கரண்ட் போனால் சுடுநீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி வையுங்கள். வெப்பமானி இல்லாவிட்டால் குஞ்சையே பாருங்கள். எல்லாம் பல்புக்கு அடியில் குவிந்து கிடந்தால் குளிர். வாயைத் திறந்து மூச்சு வாங்கி மூலையில் ஒதுங்கினால் சூடு கூடிவிட்டது. பரவிப் படுத்தால் சரி.

அடுத்தது தரை. பத்திரிகைத் தாளையோ டைல்ஸையோ நம்பாதீர்கள். வழுக்குகிற இடத்தில் நிற்கிற குஞ்சுக்குக் கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து, பிறகு எழும்பவே முடியாமல் போகும். மில்லில் உமி கேட்டால் தருவார்கள். முதல் இரண்டு மூன்று நாள் உமிக்கு மேல் பழைய துணியைப் போட்டால் உமியைத் தீன் என்று கொத்தாது. ஈரமான உமியை அன்றன்றே மாற்ற வேண்டும். தாரா தண்ணீரைச் சிந்துகிற சிந்தல் கோழி வளர்த்தவர்களுக்கே புதிதாக இருக்கும்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு விசித்திரம். நீந்த விடக் கூடாது, ஆனால் குடிக்கிற தண்ணீர் மூக்குத் துவாரம் மூழ்குகிற ஆழத்தில் இருக்க வேண்டும். தாரா தீனைத் தண்ணீரோடுதான் விழுங்கும், மூக்கையும் கண்ணையும் அதில் கழுவும். தண்ணீர் இல்லாமல் உலர்ந்த தீன் வைத்தால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். கோப்பைக்குள் நாலைந்து கூழாங்கல்லைப் போட்டுவிட்டால் குஞ்சு உள்ளே இறங்காது. நாட்டுத் தாராவுக்கு ஏழெட்டுக் கிழமையில் இறகு உடம்பை மூடும், அதற்குப் பிறகு வேண்டிய மட்டும் நீந்தட்டும். அந்தத் தண்ணீரையும் நாளாந்தம் வாழையடியில் ஊற்றிவிடுங்கள், டெங்குக் காலத்தில் சுகாதாரப் பரிசோதகர் வந்து கேட்டால் தாராவைக் காட்டித் தப்ப முடியாது.

தீனில்தான் நம்மவர்கள் அதிகம் பிழைக்கிறார்கள். பாண் துண்டும் சோறும் வயிற்றை நிரப்பும், உடம்பை வளர்க்காது. கோழிக்குஞ்சுத் தீன் கொடுக்கலாம். ஆனால் நியாசின் என்கிற பி3 விற்றமின் தாராக் குஞ்சுக்குக் கோழிக்குஞ்சை விடக் கூடுதலாகத் தேவை. அது குறைந்தால் கால் வளைந்து, நொண்டி, குந்திக்கொண்டே இருக்கும். உப்புப் போடாமல் அவித்த மீனை முள் எடுத்து உதிர்த்துக் கொடுங்கள். அவித்த பட்டாணியை நசித்தும் கொடுக்கலாம். மீனில் அந்த விற்றமின் நன்றாக இருக்கிறது, நமது கரையில் மீனுக்கா பஞ்சம். கங்குனைப் பொடியாக அரிந்து தண்ணீரில் போட்டால் ஒரு நிமிடத்தில் கோப்பை காலி.

பூஞ்சணம் பிடித்த தீனை மட்டும் ஒருபோதும் வைக்காதீர்கள். மாரியில் தவிடும் புண்ணாக்கும் மூட்டையிலேயே பூத்துப்போகும், மாட்டுக்குப் போடுகிற மாதிரி தாராவுக்கும் போடுகிறோம். 1960 இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் செத்தன. தாராக் குஞ்சுகளும் செத்தன. தேடிப் பார்த்தபோது பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் இருந்த பூஞ்சண நஞ்சு பிடிபட்டது. அஃப்ளாரொக்சின் என்று இன்று நாம் கேள்விப்படுவது அதுதான். அந்த நஞ்சு மிகச் சிறிய அளவிலேயே பாதிக்கிற பிராணிகளில் தாராக் குஞ்சு முன்னணியில் இருக்கிறது. முகர்ந்து பாருங்கள், பூத்த மணம் இருந்தால் கொட்டிவிடுங்கள்.

ஒற்றைக் குஞ்சு வாங்காதீர்கள். அது கூட்டமாக வாழ்கிற பிராணி. பொரித்தவுடன் யாரைப் பார்க்கிறதோ அவர் பின்னால் போகும், பிள்ளை பாடசாலைக்குப் போனால் பகல் முழுக்கக் கத்தும். குறைந்தது இரண்டு வேண்டும். காகம், பூனை, கீரி, எலி நாலுக்கும் தப்புகிற கம்பிவலைக் கூடு வேண்டும். பிள்ளைகள் குஞ்சைத் தொட்டால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். முத்தம் கொடுக்க விடாதீர்கள், சல்மொனெல்லா கிருமி சின்னப் பிள்ளைகளுக்குக் கடுமையான வயிற்றோட்டத்தைக் கொண்டுவரும்.

இவ்வளவுமா என்று மலைத்தால் வாங்காமல் விடுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. மோட்டார் சைக்கிளில் கொண்டு வருகிற மனிதரையும் நாங்கள் திட்டவில்லை, அவருக்கும் அது பிழைப்பு. குஞ்சை நீட்டும்போது, முதல் இரண்டு மாதம் நீந்த விடாதீங்க, இரவில் சூடு வையுங்க என்று இரண்டு வார்த்தை சொல்லிக் கொடுத்தால் பாதிக் குஞ்சுகளாவது பிழைக்கும். அவரைத் தெரிந்தவர்கள் இந்தப் பதிவைக் காட்டுங்கள்.

எங்கள் பங்குக்கு, அடுத்த நாளே அந்தப் பாடத்தை மறுபடி எடுத்தோம். கரும்பலகையில் இரண்டு படம், ஒன்று தாரா, மற்றது குஞ்சு. யாருடைய பெயரையும் சொல்லவில்லை. குஞ்சு ஏன் நனையும் என்று கேட்டபோது கடைசி வரிசையிலிருந்து முதலில் கை உயர்த்தியவன் அவன்தான். சரியாகச் சொன்னான்.

மாரி முடிந்ததும் இரண்டு குஞ்சு வாங்கப் போவதாகச் சொல்லியிருக்கிறான். உம்மா சம்மதித்துவிட்டாவாம். குசினிக்குப் பின்னால் கூடு அடிக்க வாப்பா பலகை பார்க்கிறாராம். வீட்டில் பழைய குண்டு பல்ப் இருப்பவர்கள் எறிந்துவிடாமல் எங்களிடம் தாருங்கள்.