மாமாவின் ரெட்டைக்குழல்

குளுவாங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் என் மாமா வேலை பார்த்தார். இளங்கன்றுகளைக் காட்டுப்பன்றி குதறிவிடும். அதை விரட்ட லைசென்ஸோடு ஒரு ரெட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தார். தினமும் இரவில் தோட்டாக்களை எடுத்துவிட்டு, கூரையைப் பார்த்து விசையை அழுத்துவார். டக், டக். "ஸ்பிரிங்கை இறுக்கியே வச்சா சோர்ந்து போயிடும்டா" என்பார்.

ஒருநாள் மழைக்குப் பயந்து அவசரமாக வந்தவர், திறந்து பார்க்காமலே விசையை அழுத்திவிட்டார். தகரக் கூரையில் ஓட்டை. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. அன்றிரவு மாமா சாப்பிடவே இல்லை.

மாமா சொன்னதில் தப்பில்லை. இந்த வகைத் துப்பாக்கியை மடக்கித் திறக்கும்போது உள்ளே இருக்கும் சுத்தியல்கள் பின்னுக்குப் போய் ஸ்பிரிங் இறுகும். மூடினாலும் தளராது. பழைய தகட்டு ஸ்பிரிங் நெடுநாள் அப்படியே கிடந்தால் வலுவிழக்கலாம். இன்றைய சுருள் ஸ்பிரிங்குக்கு அந்தக் கவலை குறைவு. வெறுமனே விசையை அழுத்தினால் உள்ளிருக்கும் ஊசி உடையவும் கூடும். அதற்காகவே மருந்தில்லாத போலித் தோட்டா விற்கிறார்கள்.

ஒரு குழலில் ரவை, இன்னொன்றில் குண்டு என்று இணைத்துச் செய்யும் காம்பினேஷன் துப்பாக்கியும் உண்டு. மூன்று குழல் இருந்தால் ஜெர்மனியில் 'ட்ரில்லிங்' என்பார்கள். இதில் கூடுதல் கவனம் வேண்டும். பெரிய ரவைத் தோட்டா சட்டென்று கண்ணில் படும். குண்டுக் குழலில் இருக்கும் சின்னத் தோட்டா தப்பிவிடும். சில துப்பாக்கிகளில் விசையைத் தொடாமலே ஸ்பிரிங்கைத் தளர்த்தத் தனிப் பித்தான் இருக்கும். எதுவானாலும் முதல் வேலை, எல்லாக் குழலையும் கண்ணால் பார்ப்பது. ஸ்பிரிங் அதற்குப் பிறகுதான்.

துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா வேறொரு பூட்டில் இருக்க வேண்டும். நம் ஜொகூர் ஈரத்தில் தோல் உறைக்குள் போட்டு வைத்தால் துரு பிடிக்கும்; எண்ணெய் தொட்டுத் துடைத்து, உறையில்லாமல் பூட்டி வைப்பதே நல்லது.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு மாமா தனியாக விசையைத் தொட்டதே இல்லை. அத்தை டார்ச் அடித்து இரண்டு குழலையும் பார்த்து, "காலிதாங்க" என்று சொன்ன பிறகே போலித் தோட்டாவைப் போடுவார்.

மாமா காலமானதும், "அப்பா ஞாபகமா வீட்டிலேயே இருக்கட்டும்" என்றான் மூத்த மகன். படித்தவன், ஜொகூர் பாருவில் நல்ல வேலை. ஆனால் லைசென்ஸ் பிள்ளைகளுக்குத் தானாக வராது. 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறை, 6 பிரம்படிக்குக் குறையாத தண்டனை. அத்தைதான் முடிவு சொன்னார்: "ஞாபகத்துக்கு அவரு படம் போதும்." போலீசுக்குத் தகவல் சொல்லி ஒப்படைத்தோம்.

உங்கள் வீட்டுப் பழைய அலமாரியிலும் இப்படி ஒன்று இருக்கலாம். காலியா என்று சோதிக்க நீங்கள் அதைக் கையில் எடுக்க வேண்டாம். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்திவிட்டு, முதலில் காவல் நிலையத்துக்குப் போன் செய்யுங்கள்.