கனத்த குண்டும் குழலின் முறுக்கும்

மாக்னம் ரைபிளுக்குரிய தோட்டாக்களைத் தம் கையாலேயே நிரப்பிக்கொண்டு, ஆயிரம் கெஜத்துக்கு அப்பாலுள்ள இலக்கைக் குறிவைக்கும் அன்பர்களிடையே, குண்டு எவ்வளவு கனமோ அவ்வளவு சிரேஷ்டம் என்னும் அபிப்பிராயம் வலுப்பெற்று வருகிறது. அதில் நியாயம் இல்லாமலில்லை. 1963-இல் வெளிவந்த .300 வின்செஸ்டர் மாக்னத்துக்கு 190 கிரெயின் குண்டைக் கையாண்டுவந்த அமெரிக்கப் படையினரே பின்னர் 220 கிரெயினுக்கு மாறினர். கனத்த குண்டு குழலை விட்டுச் சற்று மெதுவாகவே புறப்படுகிறது. ஆயினும் பக்கக் காற்று அதை ஒதுக்கும் அளவு, பறக்கும் நேரம் முழுவதையும் பொறுத்ததன்று. காற்றின் தடையே இல்லாதிருந்தால் எவ்வளவு நேரம் ஆகியிருக்குமோ, அதற்குமேல் ஆகும் நேரத்தை மட்டுமே பொறுத்தது. ஆகவே வேகத்தை நன்கு காத்துக்கொள்ளும் குண்டு, தொடக்கத்தில் பின்தங்கினாலும் தூரத்தில் வென்றுவிடுகிறது.

ஆனால் விட்டம் .308 அங்குலம் என்று நிலைத்துவிட்டபடியால், எடையைக் கூட்டுவதற்கு நீளத்தைக் கூட்டுவதைத் தவிர வேறு மார்க்கமில்லை. அந்த நீளம் குழலின் முறுக்கிடம் கடன் கேட்கிறது. 1879-இல் கிரீன்ஹில் வகுத்த பழைய சூத்திரத்தை விட்டு, டான் மில்லர் 2005-இல் வெளியிட்ட சூத்திரத்தை எடுத்து நோக்கின், குண்டின் ஸ்திரத்தன்மை எடைக்கு நேர் விகிதத்தில் மட்டுமே உயர, நீளத்தின் ஏறத்தாழ மும்மடிக்கு எதிர் விகிதத்தில் வீழ்கிறது என்பது விளங்கும். 1.62 அங்குல நீளமுள்ள 230 கிரெயின் குண்டை வினாடிக்கு 2,800 அடி வேகத்தில் செலுத்துவதாகக் கொண்டால், பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று முறுக்குள்ள குழலில் ஸ்திர எண் சுமார் 1.5 வருகிறது, பதினோரு அங்குல முறுக்கில் 1.23 ஆகிவிடுகிறது. 1.23-இலும் குண்டு குட்டிக்கரணம் போடுவதில்லை. இலக்குத் தாளில் துளை வட்டமாகவே விழும். அந்த வட்டத் துளையே பலரை ஏமாற்றுகிறது. கண்ணுக்குத் தெரியாத சிறு தள்ளாட்டம், விலை கொடுத்து வாங்கிய பாலிஸ்டிக் குணகத்தில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகிறது. கடல்மட்டத்துக் குளிர்ந்த, அடர்ந்த காற்றில் அந்த நஷ்டம் இன்னும் அதிகம்.

இரண்டாவது இடர் தோட்டாக்கூட்டின் கழுத்து. இந்த மாக்னத்தின் கழுத்து .264 அங்குலமே, குண்டின் விட்டத்தைவிடக் குட்டை. தோட்டாவின் மொத்த நீளத்தை வரையறுத்த 3.340 அங்குலத்துக்குள் அடக்கினால், நெடுங்குண்டின் வால் கழுத்தைத் தாண்டி மருந்துக்குரிய இடத்தில் இறங்கி அமர்ந்துவிடும். வெளியே நீட்டி வைத்தாலோ மேகஸினில் நுழையாது. ஒவ்வொன்றாகவே இட்டுச் சுட வேண்டிவரும். ஆதலின் பத்து அங்குல முறுக்கும் சாதாரண மேகஸினும் உடையவர்கள் 215, 220 கிரெயின் அளவில் நின்றுகொள்வதே உசிதம் என்பது நம் துணிபு. 230-ஐ விரும்புவோர் முதலில் குண்டை வாங்காமல், அதற்கேற்ற குழலையும் அறையையும் துப்பாக்கித் தச்சரிடம் பேசி முடித்துக்கொள்ளட்டும்.

மருந்தின் அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. எடை ஒன்றாக இருந்தாலும், குழலை உரசிச் செல்லும் உடற்பகுதியின் நீளம் குண்டுக்குக் குண்டு வேறுபடுவதால், அறையினுள் எழும் அழுத்தமும் வேறுபடும். எனவே அந்தந்தக் குண்டுக்கென்றே அச்சிடப்பட்ட அட்டவணையின் கீழ்வரம்பிலிருந்து தொடங்கி, வேகமானியை அருகில் வைத்துக்கொண்டே படிப்படியாக மேலேறுக.