விலை சொல்லும் உரிமை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்து கப்பலேறிய துணி வகைகளுள் ‘கினே’ எனப்பட்ட நீலத்துணி பெயர் பெற்றது. அவுரிச் சாயம் தோய்ந்த அத்துணி பிரான்சு நாட்டுத் துறைமுகங்களின் வழியாக மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் ஆற்றங்கரைக்குச் சென்றது. அங்கே வேலம்பிசின் கொண்டு வந்த வணிகர்க்கு நாணயத்துக்குப் பதிலாக அத்துணியே கொடுக்கப்பட்டது. இத்தனை பிசினுக்கு இத்தனை துணி என்று துணியையே அளவாகக் கொண்டு கணக்கிட்டனர். அப்பிசினோ ஐரோப்பாவின் ஆலைகளில் துணிக்கு அச்சுச்சாயம் ஏற்றப் பயன்பட்டது. இத்தனை நீண்ட வாணிகத்தின் தொடக்கத்தில் நின்ற நெசவாளனுக்கு அதன் முடிவு தெரிய வழியில்லை. முன்பணம் கொடுத்தவர் சொன்ன விலையே அவனுக்கு விலையாயிற்று.

இன்று நிலைமை மாறிவிட்டதாக நாம் எண்ணுகிறோம். கையில் உள்ள செல்பேசியில், டில்லியிலும் சிங்கப்பூரிலும் ஒரு பருத்திச் சேலை என்ன விலைக்குப் போகிறது என்பதை நொடியில் காண்கிறோம். துணியைப் படம் பிடித்து இணையச் சந்தையில் நாமே ஏற்றலாம்; வாங்குபவர் பணத்தை நேராக நம் வங்கிக் கணக்குக்கு அனுப்பலாம். இடைத்தரகர் ஒழிந்தார் என்று மகிழ்வோரும் உளர். அவர் மகிழ்ச்சியைக் குலைப்பது என் நோக்கமன்று. எனினும், கடை பெரிதாகிவிட்டதனால் மட்டும் விலை சொல்லும் உரிமை நம்மிடம் வந்துவிடாது. அடக்கக் கணக்கை அறிந்தவரிடமே அவ்வுரிமை தங்கும். அதனைத் தனியொருவராகப் பெறுவதும் அரிது. சங்கமாகப் பெறுதலே இயலும் என்பது என் கருத்து.

முத்தியால்பேட்டை நெசவாளர் ஒருவர் அண்மையில் என்னிடம் தம் பெருமையைச் சொன்னார். ஒரு மாதத்தில் ஐந்து சேலைகள் இணையத்தில் விற்றுவிட்டன. ஒவ்வொன்றும் 1,500 ரூபாய். “கடைக்காரர் 1,200க்கு மேல் தரமாட்டேன் என்கிறார் ஐயா, இங்கே 300 கூடுதலாகக் கிடைக்கிறது” என்றார். இருவரும் ஒரு தாளை எடுத்து உட்கார்ந்தோம். அக்கணக்கை இங்கே தருகிறேன். உங்கள் நூலும் கூலியும் வேறாயிருக்கலாம், முறை ஒன்றே.

நூல் 350 ரூபாய். சாயம், பாவு ஓட்டுதல், கஞ்சியிடுதல் 120. இரண்டு நாள் நெசவுக் கூலி, நாளொன்றுக்கு 350 வீதம், 700. வீட்டுப் பெண்கள் தார் சுற்றியதற்கும் பாவு பிணைத்ததற்கும் 120. தறிப் பழுது, விளக்கு, இடம் ஆகியவற்றுக்கு 40. நூல் வாங்கிய பணத்துக்கு வட்டியும் சேதாரமும் 40. ஆக அடக்கம் 1,370 ரூபாய். தார் சுற்றிய கூலியை எழுதும்பொழுது அவர் சற்றே தயங்கினார். “அது வீட்டு வேலைதானே?” என்றார். வீட்டார் சுற்றாவிடில் வெளியாளுக்குக் கொடுத்தே தீர வேண்டிய கூலி அது. கணக்கில் ஏறாத உழைப்புக்கு யாரும் விலை தரமாட்டார்கள்.

இனி வரவைப் பார்ப்போம். விற்ற விலை 1,500. இணையச் சந்தைக்குரிய கமிஷன் நூற்றுக்குப் பதினைந்து எனக் கொண்டால் 225. உறையும் அட்டையும் 30. அஞ்சல் கட்டணம் 90. கைக்கு வந்தது 1,155 ரூபாய். அடக்கத்தில் குறைவு 215. இக்குறைவை நூல்காரர் ஏற்கவில்லை, சாயக்காரரும் ஏற்கவில்லை. நெய்தவர் கூலியே 700லிருந்து 485ஆக இறங்கியது. கடைக்காரர் தரும் 1,200 ரூபாயிலும் நட்டமே. ஆயினும் இணையத்தில் நட்டம் அதனினும் 45 ரூபாய் கூடுதல். 300 ரூபாய் மிகுந்ததாக அவர் எண்ணியதெல்லாம் கணக்கெழுதாததன் பயன்.

சரி, என்ன விலை சொல்லியிருக்க வேண்டும்? அடக்கம் 1,370, உறையும் அஞ்சலும் 120, பத்தில் ஒரு பார்சல் திரும்பி வரும் எனக் கொண்டு அதன் போக்குவரத்துச் செலவைப் பங்கிட்டால் ஏறத்தாழ 20. மொத்தம் 1,510. இவ்விடத்தில் பலர் தவறுகின்றனர். 1,510க்கு நூற்றுக்குப் பதினைந்து கூட்டி 1,736 என விலை வைத்துவிடுகின்றனர். கமிஷனோ விற்பனை விலையின்மீது பிடிக்கப்படுவது. 1,736லிருந்து பிடித்தால் 1,476 ரூபாய்தான் மிஞ்சும். 1,510ஐ 85ஆல் வகுத்து 100ஆல் பெருக்க வேண்டும். அப்பொழுது விலை 1,776 ரூபாய். கமிஷன் தொகையின்மீது 18 விழுக்காடு சரக்கு சேவை வரியும் உண்டு. கணக்கு எளிதாயிருத்தல் வேண்டி அதனை இங்கே சேர்க்கவில்லை. சங்கத்தின் காப்பு நிதிக்கு ஒரு பங்கும் ஒதுக்கினால் 1,850 ரூபாய்க்குக் குறைந்து அச்சேலையை விற்றல் ஆகாது.

“1,850 என்றால் வாங்குவார் யார்? விசைத்தறிச் சேலை 600 ரூபாய்க்குக் கிடைக்கிறதே” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வியே. ஆனால் மலிவினால் எவரும் நிலைத்ததில்லை என்பதற்கு நம் ஊரே சான்று. நம் தறிகளைவிட மலிவாக நெய்தவை சுதேசி, பாரதி, ஆங்கிலோ-பிரெஞ்சு ஆலைகள். அவற்றின் சங்கொலி கேட்டே இந்நகரம் ஒரு காலத்தில் பொழுது அறிந்தது. இன்று அம்மூன்றும் ஓடவில்லை. 2020 ஏப்ரலோடு ஆங்கிலோ-பிரெஞ்சு ஆலையும் மூடப்பட்டது. அவற்றையும் மலிவில் வெல்ல வேறிடங்கள் இருந்தன. விசைத்தறியோடு விலையில் போட்டியிடும் கைத்தறியாளர் தம் கூலியைக் குறைப்பதன்றி வேறு குறைக்க வழியில்லை. 2019-20ஆம் ஆண்டின் நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் கைத்தறித் தொழிலாளர் 35 இலட்சத்துக்கும் மேல். நெசவுக் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு மாத வருமானம் 5,000 ரூபாயை எட்டவில்லை. இதற்குக் கீழே குறைக்க என்ன இருக்கிறது?

ஆதலால் நாம் விற்க வேண்டியது மலிவையன்று, உண்மையை. வாங்குபவருக்குத் துணியைத் தொட்டுப் பார்க்க வழியில்லை. தொடாமலே நம்பும்படி அவருக்கு நாம் சொல்ல வேண்டும். பகல் வெளிச்சத்தில், மஞ்சள் விளக்கின்றி, படம் எடுக்க வேண்டும். நிறம் படத்தில் ஒன்றும் நேரில் வேறொன்றுமாய் இருந்தால் பார்சல் திரும்பி வரும். நீளம், அகலம், முந்தானை அளவு, நூல் எண், சாயத்தின் தன்மை, முதல் சலவையில் எத்தனை அங்குலம் சுருங்கும் என்பவற்றை மறைக்காமல் எழுத வேண்டும். கையால் நெய்ததில் ஒரு முடிச்சு இருக்கும் என்றால் அதனையும் படத்தில் காட்டுதல் நலம். 2006ஆம் ஆண்டு முதல் வழங்கிவரும் கைத்தறி முத்திரையை ஒவ்வொரு துண்டிலும் பொருத்துக. கடற்கரைச் சாலைக்கு வரும் வெளியூரார் பலர் கைத்தறி என்ற பெயரில் எதை எதையோ வாங்கிச் செல்கின்றனர். முத்திரையும் சங்கத்தின் பெயரும் உள்ள துணியை ஒருமுறை வாங்கியவரிடம், அவர் இசைவோடு செல்பேசி எண்ணைப் பெற்று, ஆண்டுக்கு நான்கு முறை புதுச் சரக்கின் படங்களை அனுப்பினால் அடுத்த சேலைக்குக் கமிஷனே இல்லை.

அப்படியும் 1,850க்கு விற்காத சேலை உண்டு. அதன் விலையைக் குறைப்பதற்குப் பதிலாக அந்த மாதிரியை நெய்வதை நிறுத்துவதே தக்கது. துண்டு, மேசை விரிப்பு, சட்டைத்துணி என வேறெது தன் கூலியைத் தாங்குமோ அதற்குத் தறியைத் திருப்ப வேண்டும். இது சொல்ல எளிது, செய்யக் கடினம் என்பதை அறிவேன். பாவு பூட்டிய தறியை மாற்றுவது ஒரு நாள் வேலையன்று.

பண்டிகைத் தள்ளுபடியைப் பற்றியும் ஒரு சொல். அரசு மானியத்தோடு வரும் தள்ளுபடி விற்பனைக்கு உதவுகிறது, அதனை வேண்டாமென்பதற்கில்லை. ஆனால் ஆண்டு முழுவதும் தள்ளுபடி என்று இணையத்தில் பறைசாற்றினால், முழு விலையே பொய் என்று வாங்குபவர் முடிவு செய்துவிடுவார். மானியத் தொகை சங்கத்துக்கு வந்து சேரத் தாமதமானால் நூல் வாங்கும் முதலும் முடங்கும்.

பயிரிடுவோர் நிலை சற்றே வேறு. சேலை ஆறு மாதம் காத்திருக்கும். கத்தரிக்காய் மறுநாள்கூடக் காத்திராது. பாகூர், வில்லியனூர்ப் பக்கத்து அன்பர்கள் சிலர் வாட்ஸ்அப் குழுவின் வழியே நகரத்து வீடுகளுக்குக் காய்கறி அனுப்புகின்றனர். அங்காடி விலையைப் பார்த்து அதனினும் இரண்டு ரூபாய் குறைப்பதே அவர்கள் முறை. 20 கிலோ பறித்துக் கொண்டு வர 400 ரூபாய் செலவாயிற்று. விற்றது 16 கிலோ. கிலோ அடக்கம் 20 ரூபாய் என்பது தவறு, 25 ரூபாய். விற்காத நான்கு கிலோவின் செலவையும் விற்றதே சுமக்க வேண்டும். முதல் நாள் மாலைக்குள் வேண்டுவதைக் கேட்டெழுதி, அந்த அளவே பறித்தால் இச்சுமை குறையும். மொத்த விளைச்சலுக்கு 2016இல் தொடங்கப்பெற்ற தேசிய மின்னணு வேளாண் சந்தை உண்டு. அதிலும் தரம் பிரித்துச் சேர்த்துக் கொண்டு போவோருக்கே நல்ல விலை வாய்க்கும்.

இவற்றைத் தனித்தனியே செய்தல் ஏன் அரிது என்பதற்கு நம் ஊருக்கே உரிய காரணம் ஒன்று உண்டு. 2023 அக்டோபர் 1 முதல், விற்பனை வரம்புக்கு உட்பட்ட சிறு விற்பனையாளர் சரக்கு சேவை வரிப்பதிவு இன்றியே இணையச் சந்தை வழியாகப் பொருள் விற்கலாம். ஆயின் தம் மாநில எல்லைக்குள் மட்டுமே. சென்னையில் உள்ளவருக்கு அச்சலுகை பெரிய நாடு. நமக்கோ முத்தியால்பேட்டையைக் கடந்து கோட்டக்குப்பத்தில் கால் வைத்தால் வேறு மாநிலம்! ஆகவே அச்சலுகை நமக்கு ஏட்டளவில் நிற்கிறது. வரிப்பதிவும் கணக்கரும் உள்ள சங்கமோ எங்கும் விற்கலாம். மத்திய ஜவுளி அமைச்சகம் 2023இல் தொடங்கிய கைவினைப் பொருள்களுக்கான இணையத்தளம் கமிஷன் வாங்குவதில்லை. அதிலும் சங்கத்தின் பெயரால் சேர்தல் நலம். விதிகள் பொருளுக்குப் பொருள் வேறுபடுவதால் கணக்கரைக் கேட்டே இறங்குக.

மற்றொரு காரணமும் உண்டு. ஒரே தெருவில் இருவர் ஒரே சேலையை இணையத்தில் ஏற்றினால், ஒருவர் 1,800 என்க, மற்றவர் 1,700 என்பார். மூன்றாமவர் 1,600க்கு இறங்குவார். வாங்குபவர் திரையில் மூவரும் அடுத்தடுத்து நிற்கின்றனர். முன்னாளில் முன்பணம் கொடுத்த வணிகர் செய்ததை இப்பொழுது நாமே ஒருவருக்கொருவர் செய்துகொள்கிறோம். 1844ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ராக்டேல் நகரில், நெசவாளர் பலரை உள்ளிட்ட முன்னோடிகள் கூட்டுறவுக் கடை திறந்தபொழுது விலையைக் குறைத்துப் போட்டியிடவில்லை. ஊர் விலைக்கே விற்று, ஆண்டு மிச்சத்தை அங்கத்தினர் வாங்கிய அளவுக்கேற்பப் பகிர்ந்தனர். நாம் வாங்குவோர் சங்கமன்று, விற்போர் சங்கம். ஆகையால் ஒரே விலைக்கு விற்று, மிச்சத்தை அவரவர் கொடுத்த சரக்குக்கேற்பப் பகிர்தல் நமக்குப் பொருந்தும்.

இதற்கு வேண்டுவன சிலவே. நூல் விலை மாறுந்தோறும் அடக்கக் கணக்கைத் திருத்தும் மூவர் குழு ஒன்று. அதில் தார் சுற்றும் பெண் ஒருவரேனும் இருத்தல் வேண்டும். இணையத்தில் சங்கத்துக்கு ஒரே பெயர், ஒரே விலை. படம் எடுத்து, பதில் எழுதி, பார்சல் கட்டும் இளைஞர் ஒருவருக்கு மாத ஊதியம். அங்கத்தினர் வீட்டுப் பிள்ளைதானே என்று அவ்வேலையை இலவசமாக வாங்கினால், தார் சுற்றிய கூலியை மறந்த அதே தவற்றை மீண்டும் செய்தவராவோம்.

அடுத்த பொதுக்குழுவுக்கு வரும்பொழுது ஒவ்வொரு அங்கத்தினரும் தாம் கடைசியாக விற்ற ஒரு பொருளின் அடக்கக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொண்டு வருக என்று வேண்டுகிறேன். வீட்டார் உழைப்பையும் அதில் மறவாமல் எழுதுக. அத்தாள்களை ஒன்றாக வைத்துப் பார்த்த பிறகு விலையைப் பற்றிப் பேசுவோம்.